ஸ்டாண்டர்டு கார்களும் சிலிண்டர் ஹெட்டும்: பழுதுபார்ப்பதா, மாற்றுவதா?

சென்னையின் தென்புறநகரில், ஜி.எஸ்.டி. சாலையில் வண்டலூருக்கும் கூடுவாஞ்சேரிக்கும் இடையில் அமைந்துள்ள ஊர் ஊரப்பாக்கம். புறநகர் ரயில் பாதையில் இதற்கு வடக்கே உள்ளது பெருங்களத்தூர்; தெற்கே நான்காவது நிலையம் மறைமலை நகர். முதல் ஊரில் ஸ்டாண்டர்டு கார்கள் தயாராயின. இரண்டாம் ஊரில் ஃபோர்டு கார்கள் தயாராயின. இரண்டு ஆலைகளும் இந்தியச் சந்தைக்கான கார் உற்பத்தியை நிறுத்திவிட்டன. ஆனால் அவற்றில் உருவான வண்டிகள் சில இன்றும் ஓடுகின்றன. ஆலை நின்ற பிறகு ஒரு காரின் எஞ்சின் எவ்வளவு காலம் வாழும் என்பதைப் பெரும்பாலும் முடிவு செய்யும் பாகம் சிலிண்டர் ஹெட் ஆகும். தேய்ந்த ஹெட்டைச் சரிசெய்வதா, வேறு ஹெட் போடுவதா என்ற கேள்விக்குப் பெருங்களத்தூர் கார்களின் வரலாற்றில் காலத்துக்கேற்ப வெவ்வேறு விடைகள் கிடைத்துள்ளன. அந்த வரலாற்றையும், முடிவெடுக்கும் முறையையும் இக்கட்டுரை விளக்குகிறது.

சிலிண்டர் ஹெட்டின் பணி

எஞ்சினின் அடிப்பகுதியான பிளாக்கில் பிஸ்டன்கள் மேலும் கீழும் இயங்குகின்றன. அந்தச் சிலிண்டர்களின் வாயை மேலிருந்து மூடுவது ஹெட். பெட்ரோல் எரியும் அறையின் கூரை இதுவே. காற்றும் எரிபொருளும் உள்ளே வரும் வழி, புகை வெளியேறும் வழி, அவற்றைத் திறந்து மூடும் வால்வுகள், வால்வுத் தண்டு ஓடும் கைடுகள், வால்வு உட்காரும் சீட்டுகள், ஸ்பார்க் பிளக், குளிர்விக்கும் நீர் ஓடும் அறைகள் ஆகிய அனைத்தும் இந்த ஒரே வார்ப்பில் அமைந்துள்ளன. பிளாக்குக்கும் ஹெட்டுக்கும் நடுவில் கேஸ்கெட் இருக்கும். பிரஷர் குக்கரின் மூடியில் உள்ள ரப்பர் வளையம் செய்யும் வேலையை, அதைவிடப் பல மடங்கு அழுத்தத்திலும் வெப்பத்திலும், இந்தக் கேஸ்கெட் செய்கிறது.

இவ்வளவு வேலைகளும் ஒரே பாகத்தில் கூடியிருப்பதால் ஹெட் பல வழிகளில் கெடுகிறது. ரேடியேட்டரில் நீர் வற்றி எஞ்சின் அளவுக்கு மீறிச் சூடானால் ஹெட்டின் அடிமுகம் வளைகிறது. வால்வு சீட்டுகளுக்கு இடையே விரிசல் விழுகிறது. கைடுகள் தேய்ந்து எண்ணெய் உள்ளே இறங்குகிறது. கிணற்று நீரையும் ஆழ்துளைக் குழாய் நீரையும் தொடர்ந்து ஊற்றினால் நீர் அறைகளில் உப்புப் படிந்து வழி குறுகுகிறது. துரு உட்சுவரை அரிக்கிறது. இவற்றுள் சில வெளியே தெரியும். சில ஹெட்டைக் கழற்றிக் கழுவிய பிறகே தெரியும்.

பெருங்களத்தூர் ஆலை

ஸ்டாண்டர்டு மோட்டார் புராடக்ட்ஸ் ஆஃப் இந்தியா நிறுவனம் 1948இல் சென்னையில் தொடங்கப்பட்டது. இங்கிலாந்தின் கவென்ட்ரி நகரில் இருந்த ஸ்டாண்டர்டு மோட்டார் கம்பெனியும், சென்னையின் யூனியன் கம்பெனி மோட்டார்ஸ் நிறுவனமும் இதில் இணைந்தன. தொடக்கத்தில் வான்கார்டு கார் இங்கு பூட்டப்பட்டது. பின்னர் சிறிய கார்களும், 1961 முதல் ஸ்டாண்டர்டு ஹெரால்டும் வந்தன.

நாட்டில் கார்த் தொழிலின் போக்கை மாற்றியது 1953இல் வந்த தீர்வை ஆணைய அறிக்கை. இந்தியாவில் உண்மையாகவே உற்பத்தி செய்யும் திட்டம் உள்ள நிறுவனங்கள் மட்டும் தொடரலாம் என்ற கொள்கை அதன்பின் உறுதியானது. ஃபோர்டும் ஜெனரல் மோட்டார்சும் அக்காலத்தில் வெளியேறின. கார் வாங்க விரும்புவோருக்கு அம்பாசிடர், ஃபியட், ஸ்டாண்டர்டு ஆகிய மூன்றைத் தவிர வேறு தேர்வு அநேகமாக இல்லாத நிலை மூன்று பத்தாண்டுகள் நீடித்தது.

கவென்ட்ரியின் தாய் நிறுவனத்தை 1961இல் லேலண்டு நிறுவனம் வாங்கியது. 1963இல் பிரிட்டனில் ஸ்டாண்டர்டு என்ற பெயரே கார்களிலிருந்து நீக்கப்பட்டது. பெருங்களத்தூரில் மட்டும் அந்தப் பெயர் மேலும் கால் நூற்றாண்டு வாழ்ந்தது.

ஹெரால்டின் எஞ்சின்

ஹெரால்டில் இருந்தது 948 சி.சி. கொள்ளளவுள்ள நான்கு சிலிண்டர் பெட்ரோல் எஞ்சின். சிலிண்டரின் துளை 63 மி.மீ., பிஸ்டனின் வீச்சு 76 மி.மீ. இதே குடும்ப எஞ்சின் 1953இல் இங்கிலாந்தில் ஸ்டாண்டர்டு எய்ட் காரில் 803 சி.சி. அளவில் முதலில் வந்தது. ஹெரால்டுக்கு முந்தைய ஸ்டாண்டர்டு டென், பின்னர் வந்த கெஸல் ஆகிய கார்களிலும் 948 சி.சி. எஞ்சினே இருந்தது. பிளாக், ஹெட் இரண்டும் வார்ப்பிரும்பு.

இத்தாலிய வடிவமைப்பாளர் ஜியோவானி மிக்கெலோட்டி வரைந்த ஹெரால்டில் பட்டறைக்காரர்களுக்குப் பெரிதும் பிடித்த ஓர் அமைப்பு இருந்தது. முன் மட்கார்டுகளும் பானெட்டும் சேர்ந்து ஒரே துண்டாக முன்பக்கம் சாய்ந்து திறக்கும். முன் சக்கரத்தின் மீது உட்கார்ந்தபடியே எஞ்சினில் வேலை செய்யலாம். ஹெட்டைக் கழற்ற எஞ்சினை இறக்க வேண்டியதில்லை.

அக்கால எஞ்சின்களில் ஹெட்டைக் கழற்றுவது வழக்கமான பராமரிப்பாகவே இருந்தது. எரியறையில் படியும் கரியைக் குறிப்பிட்ட ஓட்டத்துக்கு ஒருமுறை சுரண்டி எடுப்பார்கள். வால்வு முகத்தில் அரைப்புப் பசையைத் தடவி, ரப்பர் கிண்ணம் பொருத்திய குச்சியை உள்ளங்கைகளுக்கு இடையே வைத்து மத்துக் கடைவதுபோல் முன்னும் பின்னும் உருட்டி, வால்வையும் சீட்டையும் ஒன்றோடொன்று பொருந்தச் செய்வார்கள். இதற்கு லேப்பிங் என்று பெயர். பிறகு ஹெட்டைக் கவிழ்த்து மண்ணெண்ணெய் ஊற்றிப் பார்ப்பார்கள். கசியாவிட்டால் வேலை முடிந்தது.

பழுதுபார்ப்பே விதியாக இருந்த காலம்

ஆலை இயங்கிய ஆண்டுகளில் புதிய ஹெட் கிடைக்காத பொருளன்று. ஆயினும் பழுதுபார்ப்பதே முதல் தேர்வாக இருந்தது. இதற்கு மூன்று காரணங்களைக் குறிப்பிடலாம்.

முதலாவது, 1950களின் இறுதியில் ஏற்பட்ட அந்நியச் செலாவணி நெருக்கடி. இறக்குமதிக் கட்டுப்பாடுகள் இறுகின. வெளிநாட்டுப் பாகத்தை நம்பி வண்டியை நிறுத்திவைக்க முடியாது. இரண்டாவது, பொருளின் விலைக்கும் கூலிக்கும் இருந்த வேறுபாடு. ஒரு நாள் முழுவதும் லேத்தில் வேலை செய்யும் தொழிலாளியின் கூலி, புதிய வார்ப்பின் விலையைவிடக் குறைவாக இருந்தது. மூன்றாவது, வார்ப்பிரும்பின் தன்மை. எளிதில் வளையாது, சீராகக் கடையலாம், சீட்டைப் பலமுறை வெட்டலாம்.

இந்தப் பழுதுபார்ப்புப் பண்பாட்டைத் தாங்கும் தொழில்களும் சென்னையில் வளர்ந்தன. செம்பியத்தில் 1949இல் இந்தியா பிஸ்டன்ஸ் தொடங்கப்பட்டது. புதிய உதிரிகளுக்கு ஜெனரல் பேட்டர்ஸ் சாலை, பழைய உதிரிகளுக்குப் புதுப்பேட்டை என்ற பிரிவு நகரத்தில் எல்லோருக்கும் தெரிந்ததாயிற்று. ஆகவே ஹெட்டை மாற்றுவது என்றாலே புதியது வாங்குவது என்று பொருளாகவில்லை. உடைத்துப் பிரித்த காரிலிருந்து எடுத்த ஹெட் மூன்றாவது வழியாக இருந்தது. ஒரே 948 சி.சி. எஞ்சின் பல மாடல்களில் இருந்ததால் இந்த வழி ஸ்டாண்டர்டு கார்களுக்கு நன்கு உதவியது. ஆனால் மாடலுக்கு மாடல் எரியறையின் ஆழமும் அழுத்த விகிதமும் வேறுபடக்கூடும் என்பதால் அளந்து பார்த்தே வாங்க வேண்டியிருந்தது.

வான்கார்டு எஞ்சினும் ஈர ஸ்லீவும்

பெருங்களத்தூருடன் தொடர்புடைய மற்றோர் எஞ்சின் வான்கார்டு எஞ்சின். இது இரண்டாம் உலகப் போர் முடிந்த சில ஆண்டுகளில் கவென்ட்ரியில் உருவானது. 2,088 சி.சி. அளவுள்ள இந்த எஞ்சின் காருக்கு மட்டுமன்றி ஃபெர்குசன் டி.இ.20 டிராக்டருக்கும் பயன்பட்டது. வயலில் பழுதானாலும் எளிதில் சரிசெய்யத்தக்க எஞ்சின் என்று இதைக் கூறலாம்.

இதன் சிலிண்டர்கள் பிளாக்கோடு ஒன்றாக வார்க்கப்பட்டவை அல்ல. தனித்தனிக் குழாய்களாகச் செய்து பிளாக்கில் இறக்கப்பட்டவை. குழாயின் வெளிப்பக்கத்தைக் குளிர்நீர் நேரடியாகத் தொடுவதால் இதை ஈர ஸ்லீவ் என்பர். சிலிண்டர் தேய்ந்தால் பிளாக்கைக் கடையாமல் ஸ்லீவை மட்டும் மாற்றலாம். ஸ்லீவின் உள்ளளவை மாற்றினால் எஞ்சினின் கொள்ளளவும் மாறும். 85 மி.மீ. துளையும் 92 மி.மீ. வீச்சும் இருந்தால் நான்கு சிலிண்டர்களுக்கு 2,088 சி.சி.; துளையை 83 மி.மீ. ஆக்கினால் 1,991 சி.சி. 1953இல் வந்த டிரையம்ஃப் டி.ஆர்.2 விளையாட்டுக் காரின் எஞ்சின் இந்த இரண்டாம் அளவினதே. மாணவர்கள் உருளையின் கன அளவு வாய்பாட்டைக் கொண்டு இதைச் சரிபார்க்கலாம்.

இவ்வமைப்பில் ஹெட் வேலை செய்பவருக்கு ஓர் ஆபத்தும் உண்டு. ஸ்லீவின் மேல்விளிம்பு பிளாக்கின் முகத்துக்கு மேலே மில்லிமீட்டரில் பத்தில் ஒரு பங்கு அளவுக்குத் துருத்திக்கொண்டிருக்க வேண்டும். அப்போதுதான் ஹெட்டை இறுக்கும்போது கேஸ்கெட் அழுந்தும். ஹெட்டைக் கழற்றிய பின் தெரியாமல் கிராங்கைச் சுழற்றினால் பிஸ்டன் ஸ்லீவையும் சேர்த்துத் தூக்கிவிடும். அடியில் உள்ள சீல் விலகி, குளிர்நீர் எண்ணெய்த் தொட்டிக்குள் இறங்கும். ஆகவே ஸ்லீவுகளைக் கட்டைகளாலோ பட்டைகளாலோ அழுத்திப் பிடித்த பிறகே மேற்கொண்டு வேலை நடக்கும். சிறிய ஹெட் வேலையாகத் தொடங்கியது முழு எஞ்சின் வேலையாக முடிவதற்கு இதுவும் ஒரு காரணம்.

ஸ்டாண்டர்டு 2000: நிறுவனத்தின் முன் நின்ற அதே கேள்வி

1970களின் பிற்பகுதியில் பெருங்களத்தூரில் கார் உற்பத்தி நின்றது. ஸ்டாண்டர்டு 20 என்ற வேன் மட்டும் தொடர்ந்தது. 1985இல் நிறுவனம் ஸ்டாண்டர்டு 2000 என்ற காருடன் மீண்டும் சந்தைக்கு வந்தது. இதன் உடல், 1976இல் பிரிட்டனில் அறிமுகமாகி 1977ஆம் ஆண்டின் சிறந்த ஐரோப்பியக் கார் விருதைப் பெற்ற ரோவர் எஸ்.டி.1 காரினது. ரோவரில் அலுமினியத்தாலான 3.5 லிட்டர் வி8 எஞ்சின் இருந்தது. பெருங்களத்தூர் காரிலோ வான்கார்டு வழிவந்த 1,991 சி.சி. எஞ்சின் பொருத்தப்பட்டது. பிறந்து நாற்பது ஆண்டுகளை நெருங்கிய எஞ்சின் அது.

பட்டறையில் ஒரு கார் உரிமையாளர் எதிர்கொள்ளும் கேள்வியையே இங்கு ஒரு நிறுவனம் எதிர்கொண்டது. கையில் இருக்கும் பழைய எஞ்சினைத் திருத்தி ஓட்டுவதா, புதிய எஞ்சினுக்கு மாறுவதா? புதிய எஞ்சினுக்கு உரிமம், இயந்திரங்கள், அந்நியச் செலாவணி, காலம் ஆகியவை தேவை. பழைய எஞ்சினுக்கு அச்சுகளும் அனுபவமும் கையில் இருந்தன. நிறுவனம் பழையதைத் திருத்தும் வழியைத் தேர்ந்தது.

ஆனால் சந்தை மாறியிருந்தது. 1983 டிசம்பரில் மாருதி 800 வந்துவிட்டது. அதன் 796 சி.சி. எஞ்சினின் ஹெட் அலுமினியத்தாலானது. கேம் தண்டு ஹெட்டின் மேலேயே அமைந்தது. 1985இல் வந்த பிரீமியர் 118 என்.இ. காரில் நிசான் வடிவமைப்பிலான எஞ்சின் இருந்தது. எரிபொருள் சிக்கனம் விற்பனையைத் தீர்மானிக்கும் காலம் தொடங்கியிருந்தது. விலையும் எரிபொருள் செலவும் அதிகமாக இருந்த ஸ்டாண்டர்டு 2000 எடுபடவில்லை. 1988இல் உற்பத்தி நின்றது. விற்காமல் மிஞ்சிய உதிரிகளைப் பிற்காலத்தில் பிரிட்டனைச் சேர்ந்த உதிரிபாக வணிகர்கள் வாங்கிச் சென்றனர்.

பழுதுபார்ப்பது எப்போதும் சிக்கனம் என்றோ, மாற்றுவது எப்போதும் முன்னேற்றம் என்றோ இதிலிருந்து முடிவு கட்ட முடியாது. ஒரு ஹெரால்டு உரிமையாளருக்கு 1970இல் சரியாக இருந்த விடை, 1985இல் ஆலைக்குச் சரியாக இல்லை என்பதே இதில் தெரிவது. எஞ்சினின் நிலையோடு அதைச் சுற்றியுள்ள சந்தையும் விடையைத் தீர்மானிக்கிறது.

ஆலை மூடிய பின்

1988க்குப் பிறகு கேள்வியின் தன்மை மாறியது. முன்பு செலவு குறைவு என்பதால் பழுதுபார்த்தார்கள். இப்போது புதியது வருவதற்கு வழியே இல்லாததால் பழுதுபார்க்க வேண்டியதாயிற்று. புதுப்பேட்டையில் கிடைத்த பழைய ஹெட்டுகளும் ஆண்டுதோறும் குறைந்தன. கிடைப்பவையும் ஏற்கெனவே ஒன்றிரண்டு முறை கடையப்பட்டவையாக இருந்தன. வேறொருவர் கைவிட்ட ஹெட்டை வாங்கும்போது, அவர் கைவிட்ட காரணமும் கூடவே வரும்.

1991க்குப் பிந்தைய பொருளாதாரச் சீர்திருத்தங்கள் ஒரு வழியைத் திறந்தன. இதே குடும்ப எஞ்சின் டிரையம்ஃப் ஸ்பிட்ஃபயர் காரில் 1980 வரை நீடித்ததால், பிரிட்டனில் பழைய டிரையம்ஃப் கார்களுக்கான உதிரி வணிகம் உயிர்ப்புடன் இருந்தது. வால்வு, கைடு, ஸ்பிரிங், கேஸ்கெட் போன்ற சிறு பாகங்களை அங்கிருந்து வரவழைக்க முடிந்தது. ஆனால் பெரிய வார்ப்பான ஹெட்டுக்குச் சரக்குக் கட்டணமும் சுங்க வரியும் சேர்ந்து சுமையாயின.

காரீயம் நீங்கிய பெட்ரோல்

அடுத்த மாற்றம் பெட்ரோல் பங்கிலிருந்து வந்தது. 1921இல் அமெரிக்காவில் ஜெனரல் மோட்டார்ஸ் ஆய்வகத்தில் பணியாற்றிய தாமஸ் மிட்ஜ்லி, காரீயச் சேர்மம் ஒன்றைப் பெட்ரோலில் கலந்தால் எஞ்சின் தட்டுவது நிற்கும் என்று கண்டறிந்தார். அதற்குப் பின் பல பத்தாண்டுகள் உலகம் முழுவதும் காரீயம் கலந்த பெட்ரோலே விற்கப்பட்டது. அதற்கு எதிர்பாராத மற்றொரு பயனும் இருந்தது. எரிந்தபின் வால்வு சீட்டில் படியும் மெல்லிய காரீயப் படலம், சிவக்கச் சூடான வால்வும் இரும்புச் சீட்டும் ஒன்றோடொன்று ஒட்டிப் பிய்வதைத் தடுத்தது.

காரீயப் புகை குழந்தைகளின் மூளை வளர்ச்சியைப் பாதிக்கிறது என்பது உறுதியானதால் அதை நீக்குவது அவசியமாயிற்று. இந்தியாவில் 1995 ஏப்ரல் 1 முதல் சென்னை உள்ளிட்ட நான்கு பெருநகரங்களில் காரீயமற்ற பெட்ரோல் அறிமுகமானது. 2000 பிப்ரவரி 1 முதல் நாடு முழுவதும் காரீயம் கலந்த பெட்ரோல் நிறுத்தப்பட்டது. உலகில் கடைசியாக 2021இல் அல்ஜீரியாவில் அது முடிவுக்கு வந்தது.

பொதுநலனுக்கு இது பெரும் நன்மை. ஆனால் கடினச் சீட்டு இல்லாத பழைய வார்ப்பிரும்பு ஹெட்டுகளுக்கு இது புதிய தேய்மானத்தைக் கொண்டுவந்தது. புகை வெளியேறும் வால்வு நாளடைவில் சீட்டுக்குள் அமிழ்ந்துகொண்டே போகும். டாப்பெட் இடைவெளி குறைந்து, இறுதியில் வால்வு முழுமையாக மூடாது, அழுத்தம் குறையும், வால்வு கருகும். நெடுஞ்சாலையில் நீண்ட நேரம் வேகமாக ஓடும் வண்டியில் இது விரைவாக நிகழும். ஊருக்குள் மெதுவாக ஓடும் வண்டியில் பல ஆண்டுகள் தெரியாமலும் இருக்கலாம்.

இதற்கான தீர்வு, சீட்டு இருக்கும் இடத்தைக் குடைந்து கடினமான உலோகக் கலவையாலான வளையத்தைப் பொருத்துவதாகும். வளையம் குழியைவிட மில்லிமீட்டரில் பத்தில் ஒரு பங்கு அளவுக்குப் பெரிதாக இருக்க வேண்டும். ஹெட்டைச் சூடாக்கி, வளையத்தைக் குளிரவைத்து அழுத்திப் பொருத்துவார்கள். பிறகு 45 பாகைக் கோணத்தில் சீட்டை வெட்டி, வால்வுடன் லேப்பிங் செய்வார்கள்.

நல்ல ஹெட்டில் இது வழக்கமான லேத் வேலை. நாற்பது ஐம்பது ஆண்டுகள் உப்பு நீரில் ஊறிய ஹெட்டில் அப்படியல்ல. உட்புறச் சுவர் எவ்வளவு மெலிந்திருக்கிறது என்பது வெளியே தெரியாது. குடையும் கருவி நீர் அறையைத் தொட்டுவிட்டால் ஹெட்டைக் காப்பாற்றுவது மிகக் கடினம். புதிய ஹெட் கிடைக்கும் காருக்கு அது பண நட்டம் மட்டுமே. ஆலை மூடிய காருக்கு அந்த ஒரு வெட்டோடு வண்டியின் ஓட்டமே முடிந்துவிடக்கூடும். இதனால் அனுபவமுள்ள பட்டறைகளில், சீட்டு இன்னும் தாங்கும் நிலையில் இருந்தால் குடையாமல் விட்டு, டாப்பெட் இடைவெளியை அடிக்கடி அளந்து கவனிப்பதும் ஒரு முடிவாகவே கொள்ளப்படுகிறது.

முடிவெடுக்கும் முறை

பழுதுபார்ப்பதா மாற்றுவதா என்பதைக் கண்ணால் பார்த்துச் சொல்லிவிட முடியாது. கீழ்க்கண்ட வரிசையில் சோதிப்பது நல்லது. செலவு குறைந்த சோதனை முதலில் வருவதால் வீண்செலவு தவிரும்.

1. காரணம்: ஹெட் ஏன் கெட்டது என்பதை முதலில் அறிய வேண்டும். அடைத்த ரேடியேட்டர், பழுதான வாட்டர் பம்ப் போன்றவற்றைச் சரிசெய்யாவிட்டால் அடுத்த ஹெட்டும் அதே கதிக்கு ஆளாகும்.

2. விரிசல்: கரியும் உப்பும் நீங்கக் கழுவிய பின் விரிசல் பார்க்க வேண்டும். வார்ப்பிரும்பு ஹெட்டில் காந்தத் துகள் சோதனை செய்யலாம். அலுமினியம் காந்தத்தால் ஈர்க்கப்படாது என்பதால் அதற்குச் சாயம் ஊடுருவும் சோதனை. நீர் வழிகளை அடைத்து அழுத்தக் காற்றைச் செலுத்தி நீரில் மூழ்கவைத்தால் குமிழி வரும் இடம் கசிவைக் காட்டும்.

3. சமதளம்: நேர்விளிம்புச் சட்டத்தை ஹெட்டின் அடிமுகத்தில் நீளவாக்கிலும் குறுக்கிலும் மூலைவாக்கிலும் வைத்து, இடைவெளியில் ஃபீலர் கேஜை நுழைத்துப் பார்ப்பார்கள். பொதுவாக 0.05 முதல் 0.10 மி.மீ. வரையே பொறுக்கத்தக்கது. மிஞ்சினால் ஃபேஸிங் தேவை.

4. மிச்சமிருக்கும் தடிமன்: ஏற்கெனவே எத்தனை முறை ஃபேஸிங் ஆனது என்பதை ஹெட்டின் உயரம் காட்டிவிடும். ஒவ்வொரு முறையும் எரியறை சிறுத்து அழுத்த விகிதம் கூடுகிறது. எடுத்துக்காட்டாக, 948 சி.சி. எஞ்சினில் ஒரு சிலிண்டரின் கொள்ளளவு 237 சி.சி. அழுத்த விகிதம் 8 எனில் எரியறையின் அளவு சுமார் 33.9 சி.சி. எரியறையின் வாய்ப்பரப்பு 30 சதுர செ.மீ. என்று கொண்டால், அரை மில்லிமீட்டர் கடைவதால் 1.5 சி.சி. குறையும். புதிய விகிதம் சுமார் 8.3. இவ்வாறு இரண்டு மூன்று முறை கடைந்தால் எஞ்சின் தட்டத் தொடங்கும்.

5. கைடும் சீட்டும்: வால்வை அரைகுறையாகத் திறந்து பக்கவாட்டில் அசைத்தால் கைடின் தேய்வு தெரியும். கைடு மாற்றத்தக்கது. சீட்டு எவ்வளவு அமிழ்ந்துள்ளது, குடைய இடம் உள்ளதா என்பது பார்க்கப்பட வேண்டும்.

6. மொத்தச் செலவு: மேற்கண்ட வேலைகளின் கூலி, பாகங்கள், மீண்டும் பூட்டும் செலவு ஆகியவற்றைக் கூட்டி, மாற்று ஹெட்டின் விலையோடு ஒப்பிட வேண்டும். பழைய ஹெட் வாங்கினால் அதற்கும் இதே சோதனைகளின் செலவைச் சேர்த்தே கணக்கிட வேண்டும்.

வளைவு மட்டும் இருந்து தடிமனும் போதுமானதாக இருந்தால் பழுதுபார்ப்பது நல்லது. கைடு, சீட்டு தேய்வும் சரிசெய்யத்தக்கதே. வால்வு சீட்டிலிருந்து நீர் அறைக்குச் செல்லும் விரிசல், மெலிந்த சுவர், குறைந்தபட்ச உயரத்தைத் தாண்டிய ஃபேஸிங் ஆகியவை இருந்தால், வேறு ஹெட் கிடைக்கும் பட்சத்தில் மாற்றுவதே சரி. கிடைக்காத பட்சத்தில் வார்ப்பிரும்பு விரிசலுக்குத் தைப்பு முறை உண்டு. விரிசலின் நெடுகே ஒன்றையொன்று கவ்வும் திருகாணிகளை வரிசையாக முறுக்கி அடைப்பர். வெல்டிங் செய்வதானால் ஹெட் முழுவதையும் மெல்லச் சூடாக்கி, மெல்ல ஆறவைக்க வேண்டும். அவசரப்பட்டால் வெல்டிங்கின் அருகிலேயே புதிய விரிசல் விழும்.

அலுமினிய ஹெட்டும் மறைமலை நகரும்

1990களின் பிற்பகுதியில் சென்னையைச் சுற்றிப் புதிய கார் ஆலைகள் எழுந்தன. இருங்காட்டுக்கோட்டையில் ஹூண்டாய் 1998இல் சான்ட்ரோவை வெளியிட்டது. மறைமலை நகர் ஆலையிலிருந்து ஃபோர்டு 1999இல் ஐகானை வெளியிட்டது. இத்தலைமுறைக் கார்களில் அலுமினிய ஹெட்டே வழக்கமாயிற்று.

அலுமினியம் எடை குறைந்தது. வெப்பத்தை விரைவாகக் கடத்தும். ஆனால் வெப்பத்தால் வார்ப்பிரும்பைப் போல் இரு மடங்கு விரிகிறது. 50 செ.மீ. நீளமுள்ள ஹெட்டின் வெப்பநிலை 80 பாகை செல்சியஸ் உயர்ந்தால் அலுமினியம் ஏறத்தாழ 0.92 மி.மீ. நீளும், வார்ப்பிரும்பு 0.44 மி.மீ. மட்டுமே. கீழே இரும்பு பிளாக், மேலே அலுமினிய ஹெட் என்றால் இந்த வேறுபாட்டை கேஸ்கெட் தாங்க வேண்டும். ஒருமுறை நீரின்றி ஓடினாலே ஹெட் வளைந்துவிடக்கூடும். அதிகச் சூட்டில் உலோகம் மென்மையாகிவிடுவதும் உண்டு. அவ்வாறு மென்மையான ஹெட்டைக் கடைந்து சமமாக்கினாலும் மீண்டும் வளையும். கேம் தண்டு ஹெட்டின் மேலே இருப்பதால், ஹெட் வளைந்தால் தண்டு ஓடும் பாதையும் வளைகிறது. அளவுக்கு மீறிக் கடைந்தால் வால்வு திறக்கும் நேரமும் மாறுகிறது.

இக்காரணங்களாலும், உதிரிகள் எளிதில் கிடைத்ததாலும், புதிய கார்களில் மாற்றுவதே வழக்கமாகத் தொடங்கியது. பெருங்களத்தூர் தலைமுறை பட்டறைகளின் பழக்கம் தலைகீழானது. 2021 செப்டம்பரில் இந்தியாவில் கார் உற்பத்தியை நிறுத்துவதாக ஃபோர்டு அறிவித்தது. 2022இல் மறைமலை நகரில் உற்பத்தி நின்றது. உரிமையாளர்களுக்கான சேவையும் உதிரிபாக வழங்கலும் தொடரும் என நிறுவனம் அறிவித்தது. 1988இல் ஸ்டாண்டர்டு உரிமையாளர்களின் நிலைக்கும் இதற்கும் உள்ள முக்கிய வேறுபாடு இதுவே. ஆலை மூடுவதும் உதிரிகள் நிற்பதும் ஒன்றல்ல. ஹெட்டைப் பற்றிய முடிவு இரண்டாவதையே சார்ந்துள்ளது.

சட்டத்தின் பார்வையில்

வாகனப் பதிவுச் சான்றிதழில் உள்ள எஞ்சின் எண் பொதுவாக பிளாக்கில் பொறிக்கப்பட்டிருக்கும். ஆகவே ஹெட்டை மாற்றினால் எண் மாறுவதில்லை. முழு எஞ்சினையும் மாற்றுவது வேறு. 1988ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டத்தின் 52ஆம் பிரிவு வாகன மாற்றங்களைக் கட்டுப்படுத்துகிறது. எஞ்சின் மாற்றத்துக்கு வட்டாரப் போக்குவரத்து அலுவலகத்தின் ஒப்புதல் தேவை.

2021 ஜூலையில் பழம்பெரும் வாகனங்களுக்கான தனி விதிகளை மத்திய அரசு அறிவித்தது. முதல் பதிவிலிருந்து 50 ஆண்டுகளைக் கடந்த வாகனங்கள், சேசிஸ், உடல், எஞ்சின் ஆகியவற்றில் பெரும் மாற்றம் செய்யப்படாமல் மூல வடிவிலேயே பராமரிக்கப்பட்டிருந்தால், அவற்றுக்குத் தனிப் பதிவு கிடைக்கும். 1960களின் ஹெரால்டுகள் இந்த வயது வரம்பைக் கடந்துவிட்டன. மறுபுறம், 2022 ஏப்ரல் 1 முதல் 15 ஆண்டு கடந்த தனியார் கார்களின் பதிவைப் புதுப்பிக்கும் கட்டணம் 600 ரூபாயிலிருந்து 5,000 ரூபாயாக உயர்ந்தது. 15க்கும் 50க்கும் இடைப்பட்ட வயதுடைய கார்களுக்கு வைத்திருக்கும் செலவு கூடியது. 50ஐக் கடந்தவற்றுக்கு மூல எஞ்சினைக் காப்பாற்றுவதன் மதிப்பு கூடியது.

இன்றைய நிலை

பெருங்களத்தூரில் ஸ்டாண்டர்டு ஆலை இருந்த இடத்தில் இன்று அடுக்குமாடிக் குடியிருப்புகளும் அலுவலகக் கட்டடங்களும் உள்ளன. எஞ்சியுள்ள ஹெரால்டு, கெஸல் கார்கள் பெரும்பாலும் ஆர்வலர்களிடம் உள்ளன. பழங்காலக் கார் அணிவகுப்புகளில் அவற்றைக் காணலாம். அவற்றின் ஹெட்டுகள் பலமுறை கடையப்பட்டவை. ஃபேஸிங் செய்த தேதி, கடைந்த அளவு, மிஞ்சிய உயரம், பொருத்திய சீட்டு வளையத்தின் அளவு ஆகியவற்றைக் குறித்துவைக்கும் வழக்கம் பட்டறைகளில் அரிது. அந்தக் குறிப்பு இல்லாதபோது அடுத்து வருபவர் கண்ணைக் கட்டிக்கொண்டு குடைய வேண்டியிருக்கிறது. வண்டியின் சான்றிதழோடு ஒரு தாளில் இந்த நான்கு எண்களையும் எழுதி வைப்பது, இனி புதிதாக வார்க்கப்படாத ஒரு ஹெட்டுக்கு உரிமையாளர் செய்யக்கூடிய எளிய பாதுகாப்பாகும்.